அந்தப் பையனை ஏன் இறக்கவே மாட்டேங்கிறாங்க? கல்லூரிக் கூடைப்பந்தில் பெஞ்சும் ஆட்ட நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பார்ப்பவர்களிடையே நவம்பரில் ஆரம்பித்து ஏப்ரல் முதல் வாரம் வரை ஓயாத சண்டை ஒன்று உண்டு. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனுக்கு, அந்தப் பெண்ணுக்கு, ஏன் ஆட நேரம் தருவதில்லை? படிக்க வந்த இடத்தில் கல்லூரி அணியின் ரசிகர்களாகிப் போனவர்கள், பிள்ளைகள் படிக்கும் கல்லூரி என்பதால் பார்க்கத் தொடங்கிய பெற்றோர், என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) மட்டும் பார்த்துப் பழகியவர்கள் எல்லோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதை அவரவர் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கோச்சைக் கேள்வி கேட்கும் உரிமை ரசிகருக்கு உண்டு என்பதே என் கட்சி. ஆனால் "இவனுக்கு நேரம் குடுங்க" என்று சொல்பவர், யாருடைய நேரத்தை எடுத்து என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு ஆட்டத்துல மொத்தம் எவ்வளவு நேரம்தான் இருக்கு? எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்தா என்ன?

கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். ஆண்களுக்கு 20 நிமிடமாக இரண்டு பாதி, பெண்களுக்கு 2015-16 சீசனிலிருந்து 10 நிமிடமாக நான்கு கால்பகுதி. களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் என்பதால் கோச்சின் கையில் இருப்பது 200 ஆட்ட நிமிடங்கள். 48 நிமிடம் ஆடும் என்பிஏவில் இது 240. என்பிஏ பார்த்துப் பழகியவர்களுக்குக் கல்லூரி ரொட்டேஷன் (மாறி மாறி இறக்கப்படும் ஆட்களின் வட்டம்) இறுக்கமாகத் தெரிவதற்கு முதல் காரணம் இந்த 40 நிமிட வித்தியாசம்தான்.

200 நிமிடத்தை 15 பேருக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 13 நிமிடம் 20 விநாடி வரும். அணியில் மிகச் சிறந்தவரும் 13 நிமிடத்தோடு உட்கார வேண்டும். யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்பதெல்லாம், பெஞ்சில் இருக்கும் இன்னாருக்கு ஒரு பத்து நிமிடம் கூடுதலாக வேண்டும் என்பது. அந்தப் பத்து நிமிடம் இன்னொருவர் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். கீழே வரும் பல பதில்கள் இந்த 200 என்ற எண்ணுக்கே திரும்பி வரும்.

ஆரம்ப அஞ்சு பேர்ல இல்லன்னா அவன் சுமாரான ஆள்தானே?

இல்லை. 2005இல் வட கரோலினா தேசியப் பட்டம் வென்றபோது மார்வின் வில்லியம்ஸ் அந்த சீசனில் ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்கவில்லை. அதே ஆண்டு, புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் என்பிஏ தேர்வில் இரண்டாவது ஆளாக அவரை எடுத்தார்கள். கென்டக்கியின் டெவின் புக்கர் 2014-15இல் 38 ஆட்டம் ஆடினார், தொடங்கியது பூஜ்யம். அவர் தேர்வில் 13ஆவது. 2017இல் இறுதி ஆட்டம் வரை போன கொன்சாகாவின் ஜாக் காலின்ஸும் பெஞ்சிலிருந்து வந்தவர்தான், 10ஆவதாகப் போனார்.

ஆட்டத்தைத் தொடங்குபவர் யார் என்பதைவிடக் கடைசி நாலைந்து நிமிடம் களத்தில் நிற்பவர் யார் என்று பாருங்கள். கோச் யாரை நம்புகிறார் என்பது அங்கேதான் தெரியும். ஆறாவது ஆளாக வந்து ஆட்டத்தை முடித்துவைப்பவர் பெஞ்ச் ஆட்டக்காரர்தான், ஆனால் ஓரங்கட்டப்பட்டவர் இல்லை. நாம் பேச வேண்டியது ஏழாவது ஆளிலிருந்து பத்தாவது ஆள் வரை உள்ளவர்களைப் பற்றி.

15 பேர் இருக்கும்போது கோச் ஏன் ஏழெட்டுப் பேரோட நிறுத்திக்கிறார்?

நிறைய கோச்சுகள் அப்படித்தான். டியூக்கின் மைக் ஷஷெவ்ஸ்கியும் சிரக்யூஸின் ஜிம் பேஹைமும் பல பத்தாண்டுகள் குறுகிய ரொட்டேஷனுக்குப் பேர் போனவர்கள். அவர்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது. ஐந்து பேர் ஒருவரையொருவர் பார்க்காமலே புரிந்துகொண்டு நகர வேண்டும், அது சேர்ந்து ஆடி ஆடித்தான் வரும். ஆண்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு பாதியிலும் கடிகாரம் 16, 12, 8, 4 நிமிடங்களுக்குக் கீழே இறங்கியபின் ஆட்டம் நிற்கும் முதல் தருணத்தில் தொலைக்காட்சி இடைவேளை வருகிறது. இவ்வளவு ஓய்வு கிடைப்பதால் நல்ல உடல்தகுதி உள்ள இருபது வயதுப் பையனால் 35 நிமிடம் ஆட முடிகிறது.

வேறு வழியும் உண்டு என்று காட்டியவர் வட கரோலினாவின் டீன் ஸ்மித். பின்வரிசை ஐந்து பேரை 'நீல அணி' என்று மொத்தமாக இறக்கிச் சில நிமிடம் ஆடவிடுவார். களைத்துப் போனவன் முஷ்டியை உயர்த்திக் காட்டினால் வெளியே வரலாம், ஓய்வெடுத்தபின் தானே திரும்பப் போகலாம். களைப்பை ஒப்புக்கொண்டால் இடம் பறிபோகாது என்று பையனுக்குத் தெரிந்திருந்தது. என்னைக் கேட்டால், பெஞ்சைப் பற்றி ஒரு கோச் எடுத்த மிக மனிதத்தன்மையான முடிவு அது.

2014-15 கென்டக்கியில் ஜான் கலிப்பாரி ஐந்து ஐந்து பேராக இரண்டு அணி வைத்து மாற்றி மாற்றி இறக்கினார். டிசம்பரில் அலெக்ஸ் பாய்த்ரெஸ் முழங்கால் காயத்தால் விழுந்ததும் அந்த ஏற்பாடு தளர்ந்தது. 38 ஆட்டம் தொடர்ந்து வென்ற அந்த அணி, அரையிறுதியில் விஸ்கான்சினிடம் 71-64 என்று தோற்றது. அந்த வரிசையிலிருந்து ஆறு பேரை என்பிஏ எடுத்துக்கொண்டது. அவ்வளவு திறமை உள்ள அணியில்தான் இரண்டு முழு வரிசை சாத்தியம், அப்படிப்பட்ட அணிகள் அரிது. இன்னொரு கோடியில் அயோவாவின் கிரின்னெல் கல்லூரி. விளையாட்டு உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவு அணி அது. நிமிடத்துக்கொரு தடவை என்ற வேகத்தில் ஐந்து பேரையும் மாற்றும் முறையில் ஆடிப் புகழ்பெற்றது.

போன ஆட்டத்துல வந்து 12 பாயின்ட் அடிச்சான். இன்னிக்கு எழுப்பவே இல்ல. இது அநியாயம் இல்லையா?

நமக்குக் கண்ணில் படுவது பந்து இருக்கும் இடம். பெஞ்ச் ஆட்டக்காரர் உட்கார்த்தப்படுவது பெரும்பாலும் பந்து இல்லாத இடத்தில் நடந்ததற்காக. எதிரணி ஸ்கிரீன் போட்டபோது (தன் ஆளை விடுவிக்க நம் ஆளின் வழியை மறித்து நின்றபோது) யாரோடு போக வேண்டும் என்று தடுமாறியிருப்பான். உதவிக்குப் போக வேண்டிய நேரத்தில் ஒரு கணம் தாமதித்திருப்பான். மூலையில் நின்றவன் மூன்று புள்ளி அடிக்கும்போது நாம் திட்டுவது பக்கத்தில் நின்றவனை, கோச் குறித்துவைப்பது அங்கே போயிருக்க வேண்டியவனை.

எதிரணியும் முக்கியம். உயரமான இரண்டு பேரை வைத்து ஆடும் அணிக்கு எதிராக நன்றாக வந்த பையனை, நான்கு கார்டுகளோடு (பந்தைக் கையாளும் சிறிய, வேகமான ஆட்களோடு) ஓடும் அணிக்கு எதிராக இறக்கினால் கூடையடியிலிருந்து வெளியே இழுத்து அலைக்கழிப்பார்கள். ஆனாலும் இது ஓரளவுக்குத்தான் சமாதானம். ஒரே பையன் ஒரு நாள் 18 நிமிடம், அடுத்த நாள் பூஜ்யம், அதற்கடுத்த நாள் 15 என்று ஆடினால் அவன் ஒவ்வொரு வீச்சையும் பயந்துகொண்டேதான் எறிவான். இங்கே ரசிகர்களின் கோபத்தோடு நான் உடன்படுகிறேன்.

"பயிற்சியில நிரூபிக்கணும்"னு கோச் சொல்றது சாக்குதானே?

முழுச் சாக்கு இல்லை. சீசன் நேரத்தில் வாரம் 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம் வரை பயிற்சிக்கு, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு அனுமதிக்கிறது, வாரத்தில் ஒரு நாள் கட்டாய விடுமுறை. ஆட்டத்தில் ஐந்து நிமிடம் பார்த்து நாம் ஒரு பையனை எடைபோடுகிறோம். கோச் அவனை மணிக்கணக்கில், அதே இடத்துக்குப் போட்டியிடும் இன்னொருவனுக்கு எதிராகவே பார்க்கிறார். கதவு சாத்தியிருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை.

சாக்காக மாறுவது எப்போது என்றால், பயிற்சியில் தவறு செய்யும் முன்வரிசைக்காரர் தொடர்ந்து ஆடிக்கொண்டிருக்கும்போது. மூன்றாம் ஆண்டு மாணவன் பந்தைத் தொலைத்தால் முதுகில் தட்டு, முதலாண்டுப் பையன் தொலைத்தால் உடனே பெஞ்ச். இந்த இரட்டை அளவுகோலை எந்த ரசிகரும் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாம். வாதாட வேண்டிய இடம் அது.

40 நிமிஷத்துக்குக் கணக்குப் போட்டா இவன்தான் டீம்லயே டாப். எண் பொய் சொல்லுமா?

பொய் சொல்லாது, ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். 6 நிமிடத்தில் 4 புள்ளி எடுத்தவனை 40க்குப் பெருக்கினால் 26க்கு மேல் வரும். அந்த 6 நிமிடம் எப்போது ஆடினான்? 25 புள்ளி முன்னிலையில், எதிரணியின் கடைசி ஆட்களுக்கு எதிராக என்றால், முதல் வரிசைக்கு எதிராக என்ன செய்வான் என்பதற்கு அதில் பதில் இல்லை. அவனை யாரும் குறிவைத்துத் தடுக்கவும் இல்லை.

அவன் களத்தில் இருந்தபோது அணி எத்தனை புள்ளி கூடுதலாக எடுத்தது என்ற கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு சீசனில் முப்பதுக்குச் சற்று மேலான ஆட்டங்கள்தான். கொஞ்ச நேரம் ஆடுபவனின் கணக்கு, எதிரணி மூன்று நான்கு தூர வீச்சுகளைத் தவறவிட்டாலே தலைகீழாக மாறிவிடும். நான் நம்புவது சின்ன விஷயங்களை: தன் நிமிடங்களில் எத்தனை பந்தைத் தொலைத்தான், எத்தனை ஃபவுல் (விதிமீறல்), எத்தனை ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது). இவை குறைந்த நேரத்திலும் ஓரளவு நிலையாக இருக்கும்.

ரெண்டு ஃபவுல் ஆனதும் நல்ல ஆளை உட்கார வைக்கிறாங்களே, அது சரியா?

பெரும்பாலும் தவறு என்பதே என் கருத்து. கல்லூரியில் ஐந்து ஃபவுல் ஆனால் வெளியேற வேண்டும். முதல் பாதியில் இரண்டு வந்துவிட்டால் இடைவேளை வரை உட்கார வைப்பது பல கோச்சுகளுக்கு அனிச்சைச் செயல். ஐந்தாவது ஃபவுல் வந்து அவர் நேரத்தை இழந்துவிடுவாரோ என்று பயந்து, அந்த நேரத்தை நாமே எடுத்துவிடுகிறோம். உட்கார்ந்து கழித்த 10 நிமிடம் திரும்பி வராது. முடிவில் அவர் மூன்று ஃபவுலோடு ஆட்டத்தை முடிப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

2023 பெண்கள் அரையிறுதியில், அதுவரை 36-0 என்று வந்த தென் கரோலினாவின் அலியா பாஸ்டன் ஆரம்பத்திலேயே இரண்டு ஃபவுல் வாங்கி முதல் பாதியின் பெரும்பகுதியை பெஞ்சில் கழித்தார். அயோவா 77-73 என்று வென்றது. தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், அன்று கெய்ட்லின் கிளார்க்கைத் தடுக்க யாராலும் முடியவில்லை. ஆனால் நான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்ற ஆட்டத்தில் அந்த நிமிடங்களை நினைக்காமல் இருக்க முடியாது. கென் பாமராயின் புள்ளிவிவரத் தளத்தில் இரண்டு ஃபவுலுக்குப் பிறகும் ஆட்டக்காரரைத் தொடரவிடும் கோச் யார், விடாதவர் யார் என்று தனியாகவே ஒரு கணக்கு இருக்கிறது.

பெஞ்சில் இருப்பவருக்கு இதில் ஒரு மறுபக்கம் உண்டு. அவருக்குக் கதவு திறப்பதே பல நேரம் அடுத்தவரின் ஃபவுலால்தான்.

வாய்ப்புக் குடுத்தாத்தானே தெரியும்? கிரேசன் ஆலன் கதை தெரியாதா?

தெரியும், இந்த வாதத்தின் முதல் சாட்சியே அவர்தான். 2014-15 டியூக் அணியில் முதலாண்டு மாணவர், சராசரி 9 நிமிடம். ஜனவரியில் ஒருவர் அணியிலிருந்து நீக்கப்பட்டதால் உதவித்தொகை ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர்தான் மிச்சம். விஸ்கான்சினுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் முன்வரிசை ஃபவுல் சிக்கலில் மாட்ட, டியூக் 9 புள்ளி பின்தங்கியிருந்தபோது ஆலன் தொடர்ந்து 8 புள்ளி எடுத்தார். மொத்தம் 16. டியூக் 68-63 என்று வென்றது. 2018 இறுதி ஆட்டத்தில் வில்லனோவாவின் டான்டே டிவின்சென்சோ பெஞ்சிலிருந்து வந்து 31 புள்ளி எடுத்துத் தொடரின் சிறந்த ஆட்டக்காரரானார். அன்று தோற்ற மிச்சிகன் இறுதிவரை வந்ததே, சராசரி 12 நிமிடம் ஆடிய முதலாண்டு ஜோர்டன் பூல் ஹூஸ்டனுக்கு எதிராகக் கடைசி நொடியில் போட்ட மூன்று புள்ளியால். 2024 பெண்கள் இறுதியில் தென் கரோலினாவுக்கு அதிகப் புள்ளி, 19, எடுத்தவர் பெஞ்சிலிருந்து வந்த முதலாண்டு டெஸா ஜான்சன். அன்று பெஞ்ச் கணக்கு 37-0.

இவையெல்லாம் உண்மை. ஆனால் வாய்ப்புக் கிடைத்தும் ஒன்றும் நடக்காத நூற்றுக்கணக்கான இரவுகளை நாம் நினைவில் வைப்பதில்லை. இந்த நால்வருக்கும் பொதுவான இன்னொன்றைக் கவனியுங்கள். அந்தப் பெரிய இரவுக்கு முன் எல்லோருக்கும் சீசன் முழுக்கச் சின்னதாகவேனும் நேரம் கிடைத்துவந்தது. நவம்பரிலும் டிசம்பரிலும் பலவீனமான அணிகளுக்கு எதிராகப் பத்து நிமிடம் கொடுங்கள் என்று கேட்பது நியாயமான, பலன் தரும் கோரிக்கை. தோற்றால் வெளியேறும் தேசியத் தொடர் நடக்கும் மார்ச்சில் திடீரென்று இறக்கச் சொல்வது அப்படி அல்ல.

ஜெயிச்சு முடிஞ்ச ஆட்டத்துல கடைசி ஆளுங்களுக்கு ஏன் ஒரே ஒரு நிமிஷம்?

இதற்கு நல்ல பதில் கிடையாது. 30 புள்ளி முன்னிலையில் முன்வரிசையைக் களத்தில் வைத்திருப்பது காயத்துக்கு அழைப்பு. உதவித்தொகை இல்லாமல் தினமும் பயிற்சிக்கு வந்து எதிரணியின் ஆட்டத்தை நடித்துக்காட்டும் வாக்-ஆன் மாணவர்களுக்கு அது மட்டும்தான் மேடை. அரங்கமே அவர்கள் பெயரைச் சொல்லிக் கத்துவது இந்த விளையாட்டின் மிக அழகான வழக்கங்களில் ஒன்று. இறுதியாண்டு மாணவர்களை, வாக்-ஆன்கள் உட்பட, கடைசி உள்ளூர் ஆட்டத்தில் ஆரம்ப வரிசையில் இறக்கும் மரபை டீன் ஸ்மித் வளர்த்தார்.

ரெட்ஷர்ட்னா என்ன? ஒரு நிமிஷம் ஆடினாலே ஒரு வருஷம் போயிடுமா?

ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் ஆடலாம் என்பது நீண்டகால விதி. ஆடாமல் ஒதுங்கிப் பயிற்சி மட்டும் எடுக்கும் ஆண்டுதான் ரெட்ஷர்ட். அமெரிக்கக் கால்பந்தில் 2018 முதல் நான்கு ஆட்டம் வரை ஆடியும் அந்த ஆண்டைக் காப்பாற்றிக்கொள்ள முடிந்தது. கூடைப்பந்தில் அந்தச் சலுகை இல்லாததால் சீசனில் ஒரு நிமிடம் இறங்கினாலும் அந்தச் சீசன் செலவாகிவிடும். பிப்ரவரியில் பத்தாவது ஆளை இரண்டு நிமிடத்துக்கு இறக்கக் கோச் தயங்குவதன் பின்னால் சில சமயம் இந்தக் கணக்கு இருந்திருக்கிறது. பையன் மேல் உள்ள அக்கறை அது.

காயத்துக்கு விலக்கு உண்டு. சீசனின் முதல் பாதியில், 30 சதவீத ஆட்டங்களுக்கு மேல் ஆடாமல், அந்தச் சீசனையே முடிக்கும் காயம் பட்டிருந்தால் அந்த ஆண்டைத் திரும்பக் கேட்கலாம். டிவின்சென்சோ முதலாண்டில் கால் எலும்பு முறிந்து இப்படித்தான் ஒரு சீசனைத் திரும்பப் பெற்றார்.

நேரம் குடுக்கலன்னா போர்ட்டல்ல போயிடுவான்ல? அந்தப் பயத்துக்காவது ஆட விடணும்தானே?

பயம் நிஜம். முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஓராண்டு உட்கார வேண்டும். 2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்புவோர் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, 2021இல் ஒரு முறை உட்காராமலே மாறலாம் என்றானது, 2024 ஏப்ரலிலிருந்து படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம். பெஞ்சில் இரண்டு ஆண்டு காத்திருந்து மூன்றாம் ஆண்டில் மலர்வது என்ற பழைய பாதை அரிதாகிவிட்டது.

இதில் அதிகம் பேசப்பட்டது மிலேசியா ஃபுல்வைலியின் விஷயம். தென் கரோலினாவின் கொலம்பியாவில் பிறந்து வளர்ந்து, சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கே ஆடியவர். பெஞ்சிலிருந்து வந்து சுமார் 19 நிமிடத்தில் 12 புள்ளிக்குக் கிட்டத்தட்ட எடுத்தார், 2025இல் அந்த அணி ஆடும் எஸ்இசி கூட்டமைப்பின் சிறந்த ஆறாவது ஆட்டக்காரராகவும் தேர்வானார். அவரை ஏன் தொடக்கத்தில் இறக்கவில்லை என்று ஊரே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. அந்த வசந்தத்தில் அவர் எல்எஸ்யுவுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) மாறினார். கோச் டான் ஸ்டேலியின் பக்கமும் வலுவானது: ஃபுல்வைலி இருந்த முதலாண்டு 38-0 பட்டம், அடுத்த ஆண்டு இறுதி ஆட்டம். இருவருமே சரி என்று நான் நினைக்கிறேன். 200 நிமிடம் போதாத அளவுக்குத் திறமை நிறைந்த அணியில் அப்படி நடக்கும். பயந்து நேரம் கொடுத்தால் அதை வேறொருவரிடமிருந்து எடுக்க வேண்டும், அவருக்கும் போர்ட்டல் திறந்தே இருக்கிறது.

அப்போ பொறுமையா இருந்து ஜெயிச்சவங்க யாருமே இல்லையா?

லூக் மேய். வட கரோலினாவில் முதலாண்டில் ஏறக்குறைய ஆடவே இல்லை, இரண்டாம் ஆண்டில் சராசரி 14 நிமிடம். 2017 மார்ச் 26 அன்று கென்டக்கிக்கு எதிராக 0.3 விநாடி மிச்சமிருக்க அவர் போட்ட வீச்சில் அணி 75-73 என்று வென்றது. மறுநாள் காலை 8 மணி வகுப்புக்கு வழக்கம்போலப் போனார், மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுத்த ஆண்டு சராசரி 17 புள்ளிக்குப் பக்கம், 10 ரீபவுண்ட். இன்றைய விதிகளில் அவர் காத்திருந்திருப்பாரா என்று நானும் யோசித்ததுண்டு.

கோச்சோட சொந்தப் பையன் ஆடுறான், நம்ம ஆள் உட்கார்ந்திருக்கான். இதுக்கு என்ன சொல்றீங்க?

சந்தேகம் இயல்பு, ஆனால் பையனின் ஆட்டத்தைப் பாருங்கள். கிரேய்ட்டனில் அப்பா கிரெக் மெக்டெர்மட்டின் கீழ் ஆடிய டக் மெக்டெர்மட் மொத்தம் 3,150 புள்ளி எடுத்து 2014இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரரானார். இறுதியாண்டில் இன்னொருவருக்கு உதவித்தொகை கிடைப்பதற்காகத் தன்னுடையதை விட்டுக்கொடுத்து வாக்-ஆனாகவே ஆடினார். வேறோர் அணியில் மகன் எதுவும் செய்யாமல் 25 நிமிடம் நின்றால், மேலே சொன்ன இரட்டை அளவுகோல் சோதனையை அங்கே வையுங்கள்.

இப்பல்லாம் காசு அதிகம் வாங்குறவன்தான் ஆடுறானாமே?

2021 ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூன் மாத நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு கல்லூரியே நேரடியாகப் பணம் தருகிறது. முன்பு ஆண்கள் அணிக்கு 13 உதவித்தொகை என்றிருந்த வரம்பு போய், உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 15 பேர் என்ற அணி வரம்பு வந்திருக்கிறது. பெரிய தொகை கொடுத்து அழைத்துவந்தவரை உட்கார வைப்பது கோச்சுக்குச் சங்கடம், அந்த அழுத்தம் இருக்கவே செய்யும். ஆனால் தோற்கும் கோச்சின் வேலை போய்விடும் என்ற அழுத்தம் அதைவிடப் பெரியது. ஒப்பந்தத் தொகையை ஊகித்துக்கொண்டு ஒரு மாணவன் மேல் பழி போடாதீர்கள்.

அந்தப் பையனுக்கே நேரா மெசேஜ் போட்டா ஆறுதலா இருக்காதா?

"உனக்கு அநியாயம் நடக்குது" என்று முகம் தெரியாத நூறு பேர் எழுதுவது ஆறுதல் இல்லை. அவன் நாளைக் காலை அதே கோச்சிடம்தான் போக வேண்டும். அவனுடைய இடத்தில் ஆடுபவனைத் திட்டி எழுதுவது அதைவிட மோசம், பல நேரம் அவன் இவனுடைய அறைத்தோழன். பெரும்பாலும் 18 முதல் 22 வயதுப் பிள்ளைகள் இவர்கள். பந்தயம் கட்டித் தோற்றவர்களின் வசவும் இவர்கள் மேல்தான் விழுகிறது. தனிப்பட்ட கல்லூரி ஆட்டக்காரர் மேல் கட்டும் பந்தயங்களைத் தடைசெய்யும்படி என்சிஏஏ தலைவர் சார்லி பேக்கர் 2024இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டதற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம். வாதத்தை நமக்குள் வைத்துக்கொள்வோம். அரங்கில் அவன் எழுந்து வரும்போது கைதட்டுங்கள், அது அவனுக்குக் கேட்கும்.

சரி, அடுத்த ஆட்டத்துல நான் எதைப் பார்க்கணும்?

முதல் பாதியில் கடிகாரம் 12 நிமிடத்துக்குக் கீழே இறங்கியபின் வரும் இடைவேளையை ஒட்டி யார் உள்ளே வருகிறார் என்று பாருங்கள். ஏழாவது, எட்டாவது ஆள் பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடுவார். உங்களுக்குப் பிடித்தவர் வந்ததும் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் நாலு தடவை தடுப்பாட்டத்தில் பின்தொடருங்கள். வெளியே எடுத்தால், பக்கத்தில் உட்கார வைத்து உதவிக் கோச் ஏதாவது சொல்லிக்கொடுக்கிறாரா, அல்லது பெஞ்சின் கடைசிக்கு அனுப்பிவிட்டார்களா? பேசிக்கொண்டிருந்தால் அவர் திரும்ப வர வாய்ப்பு அதிகம். கடைசி இரண்டு நிமிடத்தில் தடுக்க ஒருவர், எறிய ஒருவர் என்று மாற்றுகிறார்களா என்பதையும் கவனியுங்கள். ஆட்டம் முடிந்து நிமிடக் கணக்கு வந்ததும் அவர் பெயருக்கு எதிரே உள்ள எண்ணைப் பார்த்துவிட்டு, யாருடைய எண்ணிலிருந்து எத்தனை எடுத்து அவருக்குக் கொடுப்பீர்கள் என்று எழுதிப் பாருங்கள். கூட்டினால் 200 வர வேண்டும்.